96 லோடு

"நான் தேக்கற தண்ணி யாரு போருக்கு சார் போவுது?"

சென்னைக்கு வடக்கே, ஆரணியாற்றுப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது. "நிலத்துக்கு அடியில வேலி போட முடியாதுங்க" என்றேன். தப்பான பதில் இல்லை. ஆனால் கைக்காசு போட்டுக் குட்டை வெட்டுகிறவரிடம் சொல்லக்கூடிய பதிலா?

குட்டை 30 மீட்டருக்கு 30, ஆழம் ஒன்றரை. கரைச்சரிவைக் கழித்தால் 11.5 லட்சம் லிட்டர் சொச்சம் பிடிக்கும். மணற்பாங்கான பூமி, விட்டால் இறங்கிவிடும். இறங்கட்டும் என்பதுதான் என் கட்சி. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்துக்கு அடியில் கடல்நீர் உள்ளே வந்தது ஊரறிந்த கதை. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை உப்பை அண்டவிடாது. அந்த 1 மீட்டரை உறிஞ்சிவிட்டால் உப்பும் அதே கணக்கில் மேலே வரும்.

அவர் போட்ட கணக்கு வேறு. 12,000 லிட்டர் லாரிக்கு இது 96 லோடு. பக்கத்து நிலத்து போரிலிருந்துதான் சென்னைக்கு லாரி கிளம்புகிறது. (1987-ம் வருடத்துச் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் இறக்கும் லாரியிடம் அதை யாரும் கேட்டதில்லை, நான் உள்பட.)

"ஷீட்டு போட்டுக் குடுங்க சார்."

போட்டோம். தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீட், 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனம். வேர், கல் பொறுக்கி, சலித்த மணல் பரப்பி, கரைமேல் அரை மீட்டர் பள்ளம் எடுத்து ஓரத்தைப் புதைத்தோம். இதில் சொதப்புவது பெரும்பாலும் எலியும் நண்டும். இன்னொன்று, மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது குட்டை காலியாக இருந்தால் ஷீட் அடியிலிருந்து உப்பிக் கிளம்பும். அதனால் அடியில் ஒரு முழமாவது தண்ணீர் நிற்க வேண்டும். கோடையில் தினம் 5, 6 மில்லிமீட்டர் ஆவியாகும். மூன்று மாதத்தில் அரை மீட்டர். அவர் பத்திரப்படுத்தியதில் மூன்றில் ஒரு பங்கு யாருக்கும் இல்லை. இதை அப்போதே சொன்னேன். அழுத்திச் சொன்னேனா என்று நினைவில்லை.

என் மனத் திருப்திக்கு, வழிந்தோடும் நீராவது நிலத்துக்குள் இறங்க ஓர் உறிஞ்சுகுழி சேர்த்தேன். 3 மீட்டர் ஆழம், அடியில் 40 மில்லிமீட்டர் ஜல்லி, நடுவில் 20, மேலே ஆற்றுமணல். வருடத்துக்கு ஒருமுறை மேல்மணலை வழித்துப் புதிது போடாவிட்டால் வண்டல் அடைத்துவிடும்.

அடுத்த ஐப்பசியில் போனபோது குழிக்குப் போகும் குழாய் வாயில் சாக்குமூட்டை வைத்து அடைத்திருந்தார். பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"மோர் குடிங்க சார்" என்றார். குடித்தேன்.