செட்டிநாட்டுல மரப்பெரணி வளக்கணுமா? வளவுக்குள்ள வைங்க, வாசல்ல வேணாம்

மரப்பெரணி, அதாங்க ட்ரீ ஃபெர்ன், நம்ம பக்கம் வருமான்னு கேக்குறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன். வளவுக்குள்ள, அதாவது வீட்டு உள்முத்தத்துல வரும், ஆனா வீட்டுக்கு வெளியில வராது. காரைக்குடி தேவகோட்டை பக்கம் இப்ப புதுசா வீடு கட்டுறவங்க முன்னாடி புல்லு போட்டு நடுவுல ஊட்டி மாதிரி ஒண்ணு நிக்கணும்னு ஆசப்படுறாங்க, அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல மாங்கன்னு வாங்கி வைக்கலாம். சித்திரை வெயிலக்கூட நெழல்ல இருந்தா ஒரு மாதிரி சமாளிச்சிடும், ஆனா ஆடியில அடிக்கிற அந்த வறண்ட மேல்காத்து இருக்கே, புழுதிய வாரிக்கிட்டு வர்றது, அதுல ரெண்டு நாள் நின்னா போதும், மட்டை நுனியெல்லாம் பொரிஞ்ச அப்பளமா சுருண்டுடும்.

எல்லாரும் மண்ணப் பத்தித்தான் கேக்குறாங்க. மண்ணு பெரிய விஷயமே இல்லங்க. நம்ம செம்மண்ணோட நல்லா மக்குன இலைமக்கு, மண்புழு உரம், கழுவுன தேங்காநார்த்தூள் கலந்து, தண்ணி தேங்காம வடிஞ்சா அது பாட்டுக்கு நிக்கும் (நார்த்தூள்ல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவ ஊறவச்சு தண்ணிய கொட்டிட்டுத்தான் போடணும், கடக்காரங்க யாரும் இத சொல்றதில்ல). இது காத்துல ஈரம் கேக்குற செடி. மலையில ஓடைக்கரையில, மூடுபனி எறங்குற சோலைக்குள்ள நிக்கிற சாதி. குன்னூர் சிம்ஸ் பார்க் போனவங்க பாத்திருப்பீங்க, 1874ல ஆரம்பிச்ச தோட்டம் அது, அந்தச் சரிவுல எறங்கும்போதே கழுத்துல ஒரு சில்லிப்பு படும் பாருங்க, அந்தக் காத்துதான் அதுக்கு வேணும். அத நாம கானாடுகாத்தான் பக்கத்துல எங்க போய் தேடுறது?

தேட வேணாம், நம்ம வீட்டுலயே இருக்கு. பழைய செட்டிநாட்டு வீட்டுல ரெண்டாங்கட்டு முத்தம் இருக்குல்ல, சுத்தி தாழ்வாரம், நாலு பக்கமும் உசந்த சுவரு, உச்சிப்பொழுதுக்கு மட்டும் வெயில் உள்ள எறங்கும், மத்த நேரம் வெளிச்சம் மட்டும். காத்து மேலயே போயிடும், உள்ள வீசாது. கல்லுத்தரையில காலையில தண்ணி தெளிச்சா மத்தியானம் வரைக்கும் அந்தக் குளுமை நிக்கும். நான் என் செடிய தெக்கு சுவரு ஓரமா வச்சிருக்கேன், அங்க நெழல் அதிகம். உச்சி வெயிலுக்கு மேல பாதி வெயில் மறைக்கிற பச்சை நெட்டு ஒண்ணு, பங்குனியில கட்டி ஐப்பசி மழை பிடிச்சதும் அவுத்துடுவேன். சுத்தி கல்வாழை, மணி பிளாண்ட், சாதாரண பெரணித் தொட்டின்னு கூட்டமா வச்சா ஒண்ணு விடுற ஈரம் இன்னொண்ணுக்கு ஆகும்.

இப்ப தண்ணி. இங்கதான் நெறைய பேரு செடிய விட்டுடுறாங்க. பாக்க தண்டு மாதிரி கருப்பா நார் நாரா இருக்குல்ல, அதுல பெரும்பகுதி வேருங்க. உள்ள ஒல்லியா ஒரு தண்டு, அதச் சுத்தி மேல இருந்து கீழ வரைக்கும் வேரா எறங்கி போர்த்தியிருக்கும். அப்ப நாம அடியில மட்டும் குடம் குடமா ஊத்துனா என்ன பிரயோசனம், மேல இருக்குற வேரெல்லாம் காஞ்சு கெடக்கும். உச்சிக்கு கொஞ்சம் கீழ இருந்து, தண்டு முழுக்க நனையிற மாதிரி மெதுவா விடணும். கோடையில காலையிலயும் சாயங்காலமும். நான் சொட்டுநீர் டியூப்ப தண்டு மேல சுத்திக் கட்டி, அதுக்கு மேல பழைய சாக்கு ஒரு சுத்து சுத்தியிருக்கேன், பாக்க அழகா இல்லதான், வர்றவங்க "என்ன, கட்டு போட்டிருக்கு"ன்னு கேக்குறாங்க, கேக்கட்டும். ஆனா நடு உச்சிய மூடக்கூடாது, குருத்து அங்கருந்துதான் சுருள் சுருளா வரும், இதுக்கு வளர்ற எடம் அது ஒண்ணுதான். அது அழுகினாலோ காஞ்சாலோ இந்த வகை பக்கவாட்டுல தளிர்க்கும்னு நம்பி உக்காந்திருக்க முடியாது.

அடுத்து எந்தத் தண்ணி. காரைக்குடி டவுன்காரங்களுக்கு சம்பை ஊத்து மாதிரி நல்ல தண்ணி வாய்ச்சிருக்கு, எங்க பக்கம் போர் தண்ணி சவரு, பக்கெட்டுல வெள்ளையா படியும். அதையே ஊத்திக்கிட்டிருந்தா உப்பு வேருல சேந்து மட்டை ஓரம் கருக ஆரம்பிக்கும், நாம தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துவோம். மழைத்தண்ணிதான் சரி. நம்ம முன்னோருங்க ஓட்டுக்கூரையில விழுற மழைய முத்தத்துல எறக்கி கிடாரத்துலயும் அண்டாவுலயும் பிடிச்சு வச்சாங்க, அதே வேலைய நான் இப்ப சிண்டெக்ஸ் டேங்க் வச்சு பண்றேன். இங்க மழைங்கிறது ஐப்பசி கார்த்திகையிலதான் கொட்டும், அத பிடிச்சு வச்சாத்தான் பங்குனி சித்திரைக்கு ஆகும். தீந்துபோச்சுன்னா ஆர்.ஓ. தண்ணியோட போர் தண்ணிய கலந்து ஓட்டலாம் (அந்த மெஷின் கழிச்சு வெளிய தள்ளுற தண்ணிய ஊத்திடாதீங்க, அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி).

உரம் ரொம்ப போடாதீங்க. யூரியா பக்கமே போகாதீங்க. மழைக்காலத்துல மாசம் ஒரு தடவ மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் ஊறவச்ச கரைசல்) நல்லா தண்ணி கலந்து தண்டு மேல விடுறேன், அன்னிக்கு வீட்டுல யாரும் வளவுல உக்காந்து சாப்பிட மாட்டாங்க, அது வேற கதை.

பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் மட்டைய திருப்பிப் பாத்துட்டு, "ஏத்தா, அடியில பூரா பூச்சி முட்ட வச்சிருக்கு, வேப்பெண்ணெய் அடிக்க வேணாமா"ன்னு பதறுனாக. வரிசையா பொட்டுப் பொட்டா ப்ரவுன் கலர்ல இருந்தா அது பூச்சி இல்ல, வித்துத்தூள் பை. இந்தச் செடி பூக்காது காய்க்காது, அந்தத் தூள்தான் அதுக்கு வெதை. எண்ணெய் அடிச்சா மெல்லிசு இலை வெந்துடும். ஒழுங்கில்லாம நரம்பு மேல ஒட்டிக்கிட்டு, நகத்தால சுரண்டுனா பிசுபிசுன்னு வந்தா அதுதான் செதில்பூச்சி, ஈரத்துணியால தொடச்சு எடுத்தா போதும். ஆச்சிட்ட இது டைனோசர் காலத்து குடும்பம்னு சொன்னேன். சிவகங்கைப் பக்கத்துப் பாறைகள்லகூட அந்தக் காலத்து எலை பதிஞ்ச படிமம் எடுத்திருக்காங்கன்னும் சொன்னேன். "அப்ப வெயிலு இம்புட்டு இருந்திருக்காது"ன்னாக. நியாயம்தான்.

வாங்குறப்ப என்ன ரகம்னு கேளுங்க. நர்சரியில அதிகம் கெடைக்கிறது ஆஸ்திரேலியாவோட சயாத்தியா கூப்பரி, கொஞ்சம் சூடு தாங்கும், சீக்கிரம் வளரும், நம்ம ஊருக்கு இதுதான். டிக்சோனியா அண்டார்டிகான்னு டாஸ்மேனியா பக்கத்து ரகம் ஒண்ணு, உறைபனியத் தாங்கும், நம்ம கோடைக்கு ஆகாது, வெல கம்மின்னு தள்ளிவிட்டாலும் வாங்காதீங்க. கூப்பரியோட குருத்துலயும் காம்புலயும் பொன்சொணை இருக்கும், கையில பட்டா அரிக்கும், காஞ்ச மட்டைய அறுக்குறப்ப முழுக்கை சட்டை போட்டுக்குங்க, கண்ணுல பட விடாதீங்க.

இன்னொண்ணு, கொடைக்கானல் பக்கமிருந்து காட்டுல தோண்டுன மரம் கொண்டாந்து தர்றேன்னு யாராவது சொன்னா வேணாம்னுடுங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில நமக்குன்னே சயாத்தியா ரகங்கள் இருக்கு, ஏற்கனவே கொறஞ்சுக்கிட்டு வருது, காப்புக்காட்டுல தோண்டுறது சட்டப்படி குத்தம், சயாத்தியா இனம் முழுக்க சைட்ஸ் ஒப்பந்தத்து (காட்டுச் செடி, விலங்குகள நாடு விட்டு நாடு விக்கிறதக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. தொட்டியில வளந்த சின்னக் கன்னா வாங்குங்க, மழை தொடங்குனப்புறம் வாங்குங்க. பங்குனியில வாங்கிட்டு வந்து வச்சுட்டு எனக்கு போன் பண்ணாதீங்க.