அவரிடமே கேளுங்க சார்

2018-ல் பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்தேன். ஹெல்மெட் வீட்டில் இருந்தது. அன்று நடந்ததில் அதற்கு மேல் எனக்கு எதுவும் நினைவில்லை, எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். மூளை வீங்கியதால் மண்டையோட்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அது கெடாமல் இருக்க என் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருந்தார்கள். நாலு மாதம் கழித்துதான் அதை எடுத்துத் தலையில் பொருத்தினார்கள். அதுவரைக்கும் தூக்கத்தில் புரளும்போது வயிற்றில் கை பட்டால் தேங்காய்ச் சிரட்டை மாதிரி ஒன்று தட்டுப்படும், உடனே விழிப்பு வந்துவிடும்.

எட்டாவது மாதம் வேலையில் சேர்ந்தேன். அரசு அலுவலகம், இளநிலை உதவியாளர். தழும்பை முடி மூடிவிட்டது, கை கால் நன்றாக இருந்தது. "ஆளே மாறல, அப்படியே இருக்கீங்க" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்த வார்த்தைதான் பின்னாடி எனக்குப் பெரிய தொல்லை ஆனது. வந்த தபாலை என் பெயரில் உள்ள தன்பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசையில் யாராவது போன் பேசினால், எந்த எண் வரை எழுதினேன் என்பது போய்விடும். மூன்று மணிக்கு மேல் கண் திறந்திருக்கும், எழுத்து உள்ளே இறங்காது. வாசனை அடியோடு போய்விட்டது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அடிபட்ட வேகத்தில் அறுந்துவிடுமாம், பால் திரிந்தாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று கோபம் வரும், வந்த பிறகுதான் வந்தது தெரியும். ஆறு மாதத்தில், வேலையில் அக்கறை இல்லை என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அடுத்தது 17(பி), அதாவது பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை என்று பேச்சு அடிபட்டது.

எங்கள் பிரிவில் பார்வையில்லாத தோழர் ஒருவர் இருந்தார். மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "இருபது, உட்பிரிவு நாலு, படிச்சிருக்கீங்களா?" என்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு வந்தால் அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, பதவியையும் இறக்கக் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், இடம் காலியாக இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உண்டாக்கியாவது வைத்திருக்க வேண்டும். மனப்பாடமாகச் சொன்னார். "விளக்கத்துல மன்னிப்பு கேக்காதீங்க தோழர், என்ன வேணும்னு கேளுங்க." நான் இரண்டு கேட்டேன். மேசையை ஜன்னல் ஓர மூலைக்கு மாற்ற வேண்டும், வேலையை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதித் தர வேண்டும். இரண்டும் கிடைத்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

அப்புறம் அவர் மூலமாகவே, என்னை மாதிரி தலையில் அடிபட்டவர்களுக்காக உதவி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான் முதலில் வருவார்கள். தனியார் கடையிலோ மில்லிலோ வேலை பார்த்தவர் என்றால் இந்த இருபது நாலு அவருக்கு உதவாது, வாய்வார்த்தையில் நிறுத்திவிடுகிறார்கள், அங்கே என்னால் முடிவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் அலைவது மட்டும்தான். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இதற்கெல்லாம் வேண்டிய மாற்றுத்திறன் சான்று வாங்குவதே ஒரு பாடு. சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, தலைக்காயம் என்று தனியாக ஒன்று இல்லை. காயம் எதை மிச்சம் வைத்ததோ, பேச்சோ நடையோ அறிவுத்திறனோ, அதன் கீழ்தான் கேட்க வேண்டும், பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்பார். நம் ஆள் "நல்லா இருக்கேன் சார்" என்பார். பொய் இல்லை. தன்னிடம் என்ன குறைந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் வேலைதான். அதனால் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு நோட்டு வாங்கச் சொல்வேன். இரண்டு வாரம், தேதி போட்டு, என்ன மறந்தார், எப்போது கத்தினார், எத்தனை மணிக்குப் படுத்தார், எல்லாம்.

ஒரு அரசு நிறுவனத்தின் ஓட்டுநர் அப்படித்தான் வந்தார். விபத்துக்குப் பிறகு வலிப்பு வந்துவிட்டது, வண்டி ஓட்ட முடியாது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். "கையெழுத்துப் போடவா வேணாமாண்ணே?" என்று அவர் மனைவி கேட்டது, அவர்கள் அதிகாரியைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம். போடாதீங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் நானும் போனேன்.

அதிகாரி என்னைப் பார்த்தே பேசினார். "இவரால என்ன வேலை செய்ய முடியும்?" இதற்கு முன்னால் வந்த இரண்டு பேருக்கு நானே பதில் சொல்லி, அவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டேன். அது தப்பு என்று அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இந்த முறை, "அவரிடமே கேளுங்க சார், கொஞ்சம் நேரம் ஆகும்" என்றேன். கேட்டார். ஓட்டுநர் மேசையில் இருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சத்தம் மட்டும்தான். மனைவி வாயெடுத்தார், நான் கையால் வேண்டாம் என்றேன். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும், நானே பயந்துவிட்டேன். "ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கிறேன் சார். கணக்கு வேணாம். பேரு எழுதி ஒட்டியிருந்தா எடுத்துருவேன்" என்றார்.

இப்போது ஸ்டோரில்தான் இருக்கிறார், அதே சம்பளம். தட்டுக்குத் தட்டு பெயர் எழுதி அவரே ஒட்டியிருக்கிறார், பிரேக் லைனிங் என்று எழுதிய சீட்டில் மட்டும் பக்கத்தில் படமும் போட்டிருக்கிறார். மதியம் அரை மணி நேரம் படுக்க விடுகிறார்கள், ஆனால் அது வாய்மொழியாகத்தான், எழுத்தில் இன்னும் வரவில்லை. மேலாளர் மாறினால் அதுவும் போய்விடும். அதற்கான மனு என் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் வேலையாக அங்கே தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்க வேண்டும்.