அப்பாவின் 29

டிசம்பர் 11, 2023
சென்னையில விஜயகாந்த் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டாராம். இங்க அப்பா பேச்சு போயி ஆஸ்பத்திரியில இருந்து வந்து ஒன்பது நாள் ஆகுது. ரெண்டு பேரையும் சேர்த்துச் சேர்த்துப் பேசாதங்கா அம்மா.

டிசம்பர் 13
பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற பிள்ளை படத்தைக் காட்டுச்சு. ஆடு, குடை, செம்பு. ஒண்ணும் வரல. என் பேரும் வரல. "ஒண்ணு ரெண்டு எண்ணுங்க ஐயா"ன்னுச்சு. எண்ணுனார்! பழகுன வரிசை நாக்குல தானா உருண்டு வருமாம், அது மூளையில வேற இடமாம். நானும் அம்மாவும் வாயில கைய வச்சுட்டு நிக்கோம். 27, 28, 29. அதோட நிறுத்திட்டார். முப்பதுன்னு எடுத்துக் குடுத்தா தலைய ஆட்டுதார், வேண்டாம்ங்கிற மாதிரி.

மறுபடி எண்ணச் சொன்னோம். மறுபடியும் 29.

"அது எங்க போவும்"னுட்டு அம்மா அடுக்களைக்குப் போயிட்டா.

டிசம்பர் 14
டிவியில தே.மு.தி.க. பொதுக்குழு. விஜயகாந்தைச் சக்கர நாற்காலியில கொண்டு வந்தாங்க. அவங்க வீட்டம்மா பொதுச்செயலாளர். அப்பா இடது கையத் தூக்கினார், பாதி வரைக்கும். நான் அவரைப் பார்க்கல, டிவியில இருந்தவரைத்தான் பார்த்தேன். தலை தானா நிக்கல.

2016-ல ஹாஸ்டல்ல இருந்து எத்தனை மீம் அனுப்பியிருப்பேன். விஜயகாந்த் மைக் முன்னால தடுமாறுறதை வெட்டி, அடியில எழுத்து போட்டு. ஒண்ணு தவறி வீட்டு குரூப்புக்குப் போயிட்டு. அப்பா ஒரு வாரம் பேசல. அன்னைக்கு அவருக்குப் பேச்சு இருந்தது, பேசல.

டிசம்பர் 17
மார்கழி ஒண்ணு. அம்மா கோலப்பொடிய எடுத்துட்டுப் போயி அப்படியே திரும்பி வந்தா. ராத்திரியில இருந்து நிக்காத மழை. பாபநாசம் அணையைத் திறந்து விட்டுட்டாவன்னு எதிர்வீட்டு மாமா சொல்லுதாவ. ஆத்துத் தண்ணி இங்க மீனாட்சிபுரத்துக்குள்ள வராதாம். 92-லயே இந்தத் தெருவுக்கு வரலையாம்.

டிசம்பர் 18
வந்துட்டு. இடுப்பளவு. அப்பாவைக் கட்டிலோட நாலு பேர் தூக்கி மாமா வீட்டு மாடிக்கு. போன்ல சார்ஜ் 11 சதவீதம்.

டிசம்பர் 20
கரண்ட் இல்ல. குறுக்குத்துறை முருகன் முழுக்கத் தண்ணிக்குள்ளயாம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்ங்காவ. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலுக்குள்ள கிடந்த சனத்தையெல்லாம் நேத்துதான் வெளிய கொண்டுவந்தாங்களாம்.

டிவி போச்சு. பிரிட்ஜ் போச்சு. ட்ரங்குப்பெட்டி ஊறிப்போய்க் கிடக்கு. அம்மாவுக்குப் பிரிட்ஜ் கவலை. அப்பா ட்ரங்கு இருந்த மூலையையே கண்ணால கேக்கார்.

டிசம்பர் 22
மொட்டைமாடியில கொடி கட்டி, துணி கிளிப் மாட்டி, ரசிகர் மன்றத்துப் போட்டோ எல்லாம் காயப் போட்டேன். நோட்டீஸ், உறுப்பினர் அட்டை, கட்சிச் சின்னம் முரசு போட்ட காலண்டர். 2005 செப்டம்பர் 14, கட்சி ஆரம்பிச்ச மதுரை மாநாடு, வேன் முன்னால பதினாலு பேர். சாயம் கரைஞ்சு முகமெல்லாம் மஞ்சளா வழிஞ்சிருக்கு. இதுல எது அப்பான்னு தெரியல. வேட்டிய மடிச்சுக் கட்டியிருக்க விதத்தை வச்சு இடமிருந்து மூணாவதுன்னு நினைக்கேன்.

மறு வருஷம் தனியா நின்னாங்க. தமிழ்நாடு முழுக்க எட்டு சதவீதத்துக்கு மேல ஓட்டு, ஜெயிச்சது விருத்தாசலம் மட்டும், அவர் ஒருத்தர். அந்த ஒருத்தருக்காக அம்மாவோட ரெட்டை வடம் அடகுக்குப் போச்சு. திரும்பவே இல்ல. அம்மா அதை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எடுப்பா, பொங்கலுக்கும் யாராவது கல்யாணத்துக்கும்.

2011-ல ராதாபுரம். இருபது நாள் அப்பா வீட்டுக்கே வரல. வள்ளியூர்ல படுக்கை, பணகுடியில சாப்பாடு. முரசு ஜெயிச்சது. கட்சி 41 தொகுதியில நின்னு 29. தி.மு.க.வுக்கே 23தான். சினிமாக்காரர் எதிர்க்கட்சித் தலைவர். மதுரையில அரிசி மில் வச்சிருந்தவர் மகன்! அன்னைக்கு ராத்திரி என்னையத் தோள்ல தூக்கி வச்சுட்டு அப்பா தெருவுக்கே கேக்க எண்ணுனார், ஒண்ணுல இருந்து. நான் அப்போ எட்டாப்பு, தோள்ல ஏறுற வயசா? வெட்கமா இருந்தது.

அதுக்கப்புறம் அந்த 29-ல ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் போனாங்க. 2016-ல ஒண்ணும் இல்ல. உளுந்தூர்பேட்டையில அவருக்கே டெபாசிட் போச்சு. அப்பா அந்தக் கணக்குக்குள்ள போகவே மாட்டார். ஏறுன வரைக்கும் எண்ணிட்டு நிறுத்திக்கிடுவார்.

இதைப் பேச்சுப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்ல?

டிசம்பர் 24
அரை லிட்டர் பால் கிடைச்சது.

டிசம்பர் 26
விஜயகாந்தை மறுபடியும் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். போன்ல பார்த்தேன். போனைக் கவுத்தி வச்சேன். டிவி ஓடாம கிடக்கதும் நல்லதுக்குத்தான். இதை எழுதவே கேவலமா இருக்கு. வீடு பூரா சகதி நாத்தம், நான் வெள்ளத்துக்கு நன்றி சொல்லுதேன்.

டிசம்பர் 28
காலையில கொரோனான்னாங்க. வென்டிலேட்டர்னாங்க. தோசை வார்த்து முடிக்கதுக்குள்ள முடிஞ்சிட்டு. 71 வயசு.

அண்ணன் சென்னையில இருந்து போன். "அப்பாகிட்ட சொல்லாதட்டி, ப்ரஷர் ஏறிரும்." சரின்னேன். வாசல் கதவைச் சாத்தி வச்சேன். மன்றத்து ஆள்கள் மூணு பேர் கறுப்பு பேட்ஜோட வந்து நின்னாவ. கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒருத்தர் தெருமுனையில நின்னு அழுதுட்டு இருந்தார். அவர் கட்டில் தூக்குன நாலு பேர்ல ஒருத்தர்.

அப்பா கதவையே பார்த்துட்டு இருக்கார்.

டிசம்பர் 29
போஸ்டர் ஒட்டிட்டாங்க, எங்க வீட்டுக் காம்பவுண்டுலயே, தண்ணி நின்ன கறைக்கு மேல. கிழிக்கவான்னு கேட்டேன். அம்மா பதில் சொல்லல. அவரை உட்கார வச்சு, முகத்தைத் துடைச்சு, வெள்ளைச் சட்டை போட்டு விட்டா. பட்டனை ஒவ்வொண்ணா மாட்டிட்டே சொன்னா: "கேப்டன் போயிட்டாவ."

இத்தனை வருஷமும் அவ வாயில 'அந்தாளு'தான்.

அப்பாவோட இடது கை அவ கழுத்துகிட்ட போச்சு. ரெட்டை வடம் கிடக்க வேண்டிய இடம். அங்கேயே வச்சுட்டு இருந்தார்.

கோயம்பேட்டுல கட்சி ஆபீஸ்லயே அடக்கமாம். என் போனை அவங்க முன்னால சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கேன்.

சாயங்காலம் அந்தப் பிள்ளை வரும். இன்னைக்கு எண்ணச் சொல்ல வேண்டாம்னு போன் போடணும்.