ஃபாயில் குறிப்புகள்

பிப்ரவரி 3
இன்றும் கிழிந்தது.

பிப்ரவரி 4
எங்கள் கிரிப்டான் ஃப்ளோரைடு லேசரில் ஒரு பக்கம் வெற்றிடம். மறுபக்கம் வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே ஆர்கான், கிரிப்டான், துளி ஃப்ளோரின். நடுவே 25 மைக்ரான் எஃகு ஃபாயில். அரை மில்லியன் வோல்ட்டில் கிளம்பும் எலக்ட்ரான்கள் அதைத் துளைத்துத்தான் வாயுவுக்குள் போயாக வேண்டும். தடிமனைக் கூட்டினால் பாதி வழியிலேயே ஆற்றலைத் தின்றுவிடும். குறைத்தால் கிழியும். வேறு யோசனையே ஓடவில்லை.

பிப்ரவரி 6
அம்மா ஃபோன். "உன் லைட்டு எரிஞ்சுதாடா? என்ன கலரு?"
"248 நானோமீட்டர்மா. கண்ணுக்குத் தெரியாது."
"அப்புறம் எரிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"
நல்ல கேள்வி.

பிப்ரவரி 9
ஃப்ளோரினை வெளியேற்றி, சுத்திகரித்து, திறக்கவே அரை நாள். கிழிசல் ஹிபாச்சியின், அதாவது ஃபாயிலைத் தாங்கும் சட்டத்தின், விலா எலும்பை ஒட்டி, வெற்றிடப் பக்கம் சுருண்டு கிடக்கிறது. ஓரம் நீலம் பாய்ந்திருக்கிறது. சூடுதான், சந்தேகமே இல்லை.

எலக்ட்ரான்கள் விலாவில் படாமல் இருக்கவே, அவற்றை உமிழும் கேத்தோடைப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறோம். காந்தப்புலத்தில் கற்றை கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும் என்பதால் பட்டைகளை எதிர்ப்பக்கம் சாய்த்தும் வைத்தாயிற்று. கேத்தோடு வெறும் வெல்வெட் துணி. சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டுவார்களே, அந்த மாதிரி. இத்தனை வோல்ட்டுக்குத் துணியா என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 12
சளி. போகவில்லை. படுத்தபடி பழைய கட்டுரைகள். 1970-ல் மாஸ்கோவில் பாசோவ் குழு திரவ செனானில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சியது. 1975-ல் கிரிப்டான் ஃப்ளோரைடு லேசர் வந்தது. அழகான மூலக்கூறு: சில நானோநொடிகள் சேர்ந்திருக்கும், ஒளியை விட்டதும் பிரிந்துவிடும். கீழ் ஆற்றல் மட்டத்தில் கூட்டமே சேராது. லேசருக்கு வேறென்ன வேண்டும்?

அவர்களுக்கு ஒற்றை ஷாட் போதும், பொறாமையாக இருக்கிறது. லேசரால் ஓடும் அணுக்கரு இணைவு மின்நிலையம் என்றால் நொடிக்கு ஐந்து, வருடக்கணக்கில். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் எலெக்ட்ரா லேசர் அந்த ஐந்துக்காகத்தான் கட்டப்பட்டது.

பிப்ரவரி 13
சூட்டுக்குக் காரணம் விலாவில் படுகிற எலக்ட்ரானா, ஃபாயிலில் நிற்கிற எலக்ட்ரானா? இரவு இரண்டு மணிக்கும் இதே.

பிப்ரவரி 16
கிழியவில்லை!! மத்தியானம் வரை. அப்புறம் சுவிட்ச் தகராறு. ஃபாயில் சும்மா இருந்தது, அதுவே பெரிது.

பிப்ரவரி 18
புது ஃபாயில் சுருள் வந்துவிட்டது. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், கேட்ட தடிமன் இல்லை. சப்ளையர் ஃபோன் எடுக்கவில்லை. நாளைக்குச் சண்டை இருக்கிறது.