ஐசியூ நாட்குறிப்பு: "சார், ஒரு நிமிஷம்"

ஆகஸ்ட் 19, 2024, திங்கள்

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் டிரேயிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலை எடுத்தார். புதிதாகச் சேர்ந்த பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம். அது கேசிஎல் மாதிரி இருக்கு" என்றாள். வாங்கிப் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடேதான். அதே 10 மில்லி, அதே வெள்ளை பிளாஸ்டிக். நீர்க்காமல் நேராக நரம்பில் போனால் இதயத்தை நிறுத்திவிடும் மருந்து.

இருவருக்கும் கை நடுங்கியது. "எதுவும் நடக்கலையே சிஸ்டர், ரிப்போர்ட் எழுதணுமா?" என்று கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும் என்றேன். நடக்காமல் போனதை எழுதினால்தான் அடுத்த முறை நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

ஆகஸ்ட் 21, புதன்

பார்மசிஸ்ட், டியூட்டி டாக்டர், அந்த இரண்டு நர்ஸ்கள், நான் என எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். முதல் கேள்வியே "யார் எடுத்தது?" என்று வந்தது. பெயர் இப்போது வேண்டாம், அந்த ஆம்பியூல் அந்த டிரேக்கு எப்படி வந்தது என்று மட்டும் பார்ப்போம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பார்மசியில் போன மாதம் கம்பெனி மாறியிருக்கிறது. பழைய கேசிஎல் கண்ணாடி ஆம்பியூலில் வந்தது, புதியது பிளாஸ்டிக்கில் வருகிறது. இரவில் டிரே நிரப்புகிறவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. எடுத்தவரைத் திட்டி அனுப்பியிருந்தால் அடுத்த வாரம் இன்னொருவர் கையில் அதே ஆம்பியூல் இருந்திருக்கும்.

இனி கேசிஎல் பொது டிரேயில் இருக்காது. பூட்டிய அலமாரியில், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தனிப் பெட்டியில் இருக்கும். எடுக்கும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடர்த்தியான பொட்டாசியத்தை வார்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்று ஜூனியர்களுக்கான வகுப்பில் ஜோசி கிங்கைப் பற்றிச் சொன்னேன். ஒன்றரை வயதுக் குழந்தை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வெந்நீர்க் காயத்திலிருந்து தேறி வந்துகொண்டிருந்தவள், 2001 பிப்ரவரியில் இறந்துபோனாள். உடலில் நீர் வற்றியிருந்தது. அதற்கு மேல் மெத்தடோன் என்ற கடுமையான வலி மருந்தையும் கொடுத்துவிட்டார்கள். குழந்தைக்குத் தாகமாக இருக்கிறது என்று அம்மா சொன்னதை உரிய நேரத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. உலகப் புகழ்பெற்ற மருத்துவமனையில், அத்தனை நிபுணர்கள் இருந்தும் இது நடந்தது.

அதே மருத்துவமனையில் அப்போது இருந்த டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட்தான் சென்ட்ரல் லைன் (கழுத்து, தொடை போன்ற இடங்களில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் குழாய்) வழியாக வரும் தொற்றைக் குறைக்க 5 அம்சப் பட்டியலைக் கொண்டுவந்தவர். கை கழுவுவது, நோயாளியை முழுதாக டிரேப்பால் (கிருமி நீக்கிய துணியால்) மூடுவது, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்வது, முடிந்தவரை தொடைப் பக்கம் போடாமல் இருப்பது, தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடுவது. மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐசியூக்களில் இது நடந்தது. 1000 கதீட்டர் நாட்களுக்கு (நோயாளிகளின் உடலில் லைன் இருந்த நாட்களின் கூட்டு) 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. 2006-ல் வெளியான ஆய்வு இது.

பலர் பட்டியலைத்தான் புகழ்கிறார்கள். இந்த ஐந்தில் எது நமக்குத் தெரியாதது? டாக்டர் ஒரு படியை விட்டால் நர்ஸ் நிறுத்தலாம் என்று அங்கே அனுமதி கொடுத்தார்கள், நிர்வாகம் நர்ஸின் பின்னால் நின்றது. வேலை செய்தது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த அனுமதி இல்லாத இடத்தில் எத்தனை செக்லிஸ்ட் அச்சடித்தாலும் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக டிக் அடித்து வைப்பார்கள்.

எங்கள் சீஃப் டாக்டரிடம் பேசினேன். "நர்ஸ் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். சந்தேகமிருந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

சொன்னபடியே சொல்லிவிட்டார். இன்று அதற்குச் சோதனையும் வந்தது.

மூன்றாம் படுக்கையில் கழுத்தில் சென்ட்ரல் லைன் போட வேண்டும். பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தக் கேசிஎல் பெண்தான். டாக்டர் ஓட்டை வைத்த சின்ன டவலை எடுத்தார். "சார், ஒரு நிமிஷம். பெரிய டிரேப் போடணும்" என்றாள். "எமர்ஜென்சிம்மா இது" என்றார் அவர். "பிபி ஸ்டெடியா இருக்கு சார். டிரேப் இங்கேயே இருக்கு" என்று பிரித்து நீட்டினாள். குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் வாங்கித் தலை முதல் கால் வரை மூடினார். லைன் போட்டு முடித்த பிறகு "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். அந்த ஒரு வார்த்தை வார்டு முழுக்கப் பரவிவிட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

உலக நோயாளி பாதுகாப்பு நாள். ஆரஞ்சு ரிப்பன், கோலம், உறுதிமொழி எல்லாம் ஆயிற்று. இந்த ஆண்டு கருப்பொருள் சரியான நோயறிதல்.

மதியம் ஆயாம்மா வந்து, "சிஸ்டர், அந்தத் தாத்தா காலையில நல்லா பேசுனாரு, இப்ப பேச்சு குழறுது" என்றார். சுகர் பார்த்தால் 48, ரொம்பக் குறைவு. உடனே டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) போனது, தாத்தா தெளிந்தார். நாளை முதல் காலையில் ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட் ஓவரில் ஆயாம்மாவும் நிற்பார். நோயாளியோடு அதிக நேரம் பேசுகிறவர் அவர்தான்.

செப்டம்பர் 30, திங்கள்

நிர்வாகக் கூட்டம். எங்கள் யூனிட்டிலிருந்து வரும் நியர் மிஸ் (நடக்கப் பார்த்துத் தவிர்ந்த தவறு) ரிப்போர்ட் ஏறிக்கொண்டே போகிறதே, தரம் இறங்கிவிட்டதா என்று கேட்டார்கள். முன்பும் இவை நடந்தன, எழுதப்படவில்லை, அவ்வளவுதான் என்றேன். பார்மசி மாற்றத்தையும் சென்ட்ரல் லைன் பதிவேட்டையும் எடுத்துக் காட்டினேன். ரிப்போர்ட் எழுதியதற்காக யாருக்கும் மெமோ கிடையாது என்பதை எழுத்தில் கேட்டேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரவு ஷிஃப்டுக்குக் கூடுதலாக ஒரு நர்ஸ் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.