பாட்டியின் பித்தளைக் குண்டான்
புது குக்கர் வாங்கக் கும்பகோணம் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோதுதான் பரணில் இந்தக் குண்டான் கண்ணில் பட்டது. விளிம்பில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கிறது. உள்ளே பூசியிருந்த ஈயம் தேய்ந்துபோயிருந்தது. அப்படியே புளி ஊற்றினால் களிம்பு ஏறிவிடும்.

சரி என்று ஈயம் பூசுபவரிடம் கொண்டுபோனேன். குண்டானைச் சூடாக்கினார், நவச்சாரம் என்கிற வெள்ளை உப்பைத் தூவினார், வெள்ளீயத்தை ஒற்றித் துணியால் வேகமாக ஒரு சுற்று. உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது! வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், சின்னக் கரி அடுப்பே போதும். எவ்வளவு அழகான வேலை அது.

அப்புறம் கடைக்குப் போகவே தோன்றவில்லை. பரணில் இன்னும் இரண்டு தவலை, ஒரு வெண்கல உருளி இருக்கின்றன. எனக்கு இவை தாராளம், மனசாரச் சொல்கிறேன்.

இன்று குண்டானில் வத்தக்குழம்பு கொதிக்கிறது. வீடெல்லாம் பாட்டி வாசம்.