மூன்றாம் வகைக் கசிவு

குவைத் நகருக்குத் தெற்கே, அரிஃப்ஜான் முகாமில் அமெரிக்கப் படை வாகனங்களைப் பராமரித்த ஒப்பந்தக் கம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். இப்போது சுன்னாகத்தில் தம்பியின் கராஜில் கணக்கு எழுதுகிறேன்.

அங்கே கசிவுக்கு மூன்று வகை உண்டு. ஈரம் தெரிந்தால் முதலாவது, துளி திரண்டும் விழாமல் நின்றால் இரண்டாவது, விழுந்துவிட்டால் மூன்றாவது. ஒருநாள் ஹம்வி என்ற படை வாகனம் ஒன்றின் சக்கர ஹப்பிலிருந்து துளி விழ, வாகனத்தை நிறுத்திவிட்டார்கள். ஒயில் வெளியே வராமல் தடுக்கும் வளையமான ஒயில் சீல் எங்கள் களஞ்சியத் தட்டில் இல்லை. கழிவுக்குப் போகவிருந்த இன்னொரு ஹம்வி பத்தடி தள்ளி நின்றது. அதன் ஹப்பை முழுதாகக் கழற்றிப் பூட்டியிருந்தால் பின்னேரத்துக்குள் வேலை முடிந்திருக்கும். அதற்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதிக்கும் சீலுக்குமாக 11 நாள் காத்திருந்தோம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓடிய ஊரிலிருந்து போனவனுக்கு அது பொறுக்கவில்லை. (அனுமதி கேட்பதிலும் நியாயம் உண்டு: பதிவில்லாமல் கழற்றத் தொடங்கினால் ஆறு மாதத்தில் பாதி வாகனங்கள் எலும்புக்கூடாகிவிடும்.)

என்னை உறுத்தியது, அந்த 11 நாளும் கம்பனிக்கு ஒரு நட்டமும் இல்லை என்பதுதான். அமெரிக்கத் தரைப்படை 1985இல் தொடங்கி, 1992இல் முதலாவது பெரிய ஒப்பந்தத்தைக் கொடுத்த, படைக்கான வழங்கல், பராமரிப்பு வேலைகளைத் தனியார் கம்பனிகளிடம் விடும் லொக்காப் திட்டத்தைப் போலவே, எங்கள் ஒப்பந்தமும் ஆன செலவை ஈடுசெய்து அதன்மேல் கட்டணமும் கொடுப்பது. பிரித்தானியர் 2006இல் டொர்னாடோ போர் விமானங்களின் பராமரிப்புக்குச் செய்த ஒப்பந்தத்தில், பறக்கத் தயாராக நிற்கும் விமானத்துக்கே பணம். அப்படியிருந்தால் எங்கள் தட்டிலும் சீல் இருந்திருக்கும்.

ஆனால் வாகனம் திருத்தும் தொழில் படையின் கையிலா, கம்பனியின் கையிலா, எங்கள் கையிலா நிற்கிறது என்ற கேள்விக்கு அதுவும் பதிலல்ல. இடையில் ஒப்பந்தம் வேறு கம்பனிக்குப் போனபோது அதே ஆட்கள் அதே மேசையில் இருந்தோம். அடையாள அட்டை மாறியது, சம்பளம் குறைந்தது. படையினரோ ஓராண்டுக்குள் மாறிப் போய்விடுவார்கள்.

சீல் வந்த அன்று, மெக்கானிக்காகவே பயிற்சி பெற்ற இளம் சிப்பாய் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். முகாமுக்கு வந்தபிறகு ஒரு ஹப்பையும் தான் திறக்கவில்லை என்றார். எங்கள் கொடிகாமத்து அண்ணன் ஒன்றும் பேசாமல் ஸ்பனரை அவரிடம் நீட்டினார். இரண்டு நட்டுக் கழன்றிருக்கும். மேற்பார்வையாளர் வந்து, இது கம்பனியின் வேலைநேரம் என்று சொல்லி ஸ்பனரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.